கொல்லிமலையும் ஒரு குட்டி லாரியும்

எட்டு மாதமாக ஷெட்டில் தூசி படிந்து கிடந்த வண்டியை, பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல், சித்திரை வெயிலில் கொல்லிமலைக்குக் கிளப்பிக்கொண்டு போனது முழுக்க என் தப்பு. வண்டி 1993 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப், 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. 31-ல் வண்டி இழுக்காமல் திணற ஆரம்பித்தது. 34-ல் நின்றேவிட்டது.

ஸ்பார்க் இல்லையா, பெட்ரோல் வரவில்லையா? நடுவழியில் நிற்கும் பழைய பெட்ரோல் வண்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடியே ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்தேன். உள்ளே ஊசி மாதிரி மெல்லிசாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். ஒரு சொட்டுகூட இல்லை.

பெட்ரோல் பம்ப் இந்த இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது காற்றும் படாது, சூடு ஏறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்ப் தள்ளாது. துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிவிட்டு இருபது நிமிடம் குரங்குகளுக்குக் காட்சிப்பொருளாக உட்கார்ந்திருந்தேன். ஸ்டார்ட் ஆனது. வழியில் நின்ற ஒருவர், "ஃபோர் லோ போட்டு ஏறுங்க" என்றார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் மெதுவான கியர் அது; தார் ரோட்டில் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு சுற்றாது; இரண்டையும் கட்டிப்போட்டால் கியரும் ஷாஃப்ட்டும் முறுக்கிக்கொள்ளும்.

52-ல் மறுபடி நின்றபோதுதான் புத்தி வந்தது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றினேன். செம்மண் கரைசல் மாதிரி துரு. வாயால் ஊதினால்கூடக் காற்று போகவில்லை. அடைத்த ஃபில்டர் வழியாகப் பம்ப் இழுக்க இழுக்கக் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சாதாரணச் சூட்டிலேயே கொதிக்கும். நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்! டூல் பெட்டியில் கிடந்த புது ஃபில்டரை மாட்டியபின் மலை மேல் இருக்கும் செம்மேடு வரை எங்கும் நிற்கவில்லை.

மேலே மிளகு வாங்கினேன், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறி முழங்கால் கழன்றது. அதைப் பற்றி நிறைய பேர் எழுதியாகிவிட்டது.

இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு அசையவில்லை. அப்புறம் சமவெளியில் அறுபதைத் தாண்டி ஒரு குழியில் விட்டதும், ஸ்டியரிங் பேய் பிடித்தது போல ஆடியது. பழைய வியாதிதான். எங்கள் ஊர் கார் ஒர்க்‌ஷாப் ஒன்றில் இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் தீரவில்லை. ஸ்டியரிங் டாம்பரை மாற்றச் சொன்னார்கள். அது ஆட்டத்தை அமுக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

நாமக்கல்லில் லாரி பட்டறைக்கா பஞ்சம்? ஒன்றில் நுழைந்தேன். குனிந்து அடியில் பார்த்த மெக்கானிக் சிரித்தார். "இது எங்கீங்க தம்பி காரு? குட்டி லாரிங்க." ஏணி சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், முன்னாலும் ஒரே ஆக்ஸில்... அவர் தினமும் பார்ப்பதுதான்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடக்கென்றது. "பிரேக்கை மிதிங்க." மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அதே லொடக்.

"பிரேக் புடிச்சதும் ஆட்டம் நின்னிருந்தா வீல் பேரிங். நிக்கலைங்களே, அப்ப கிங்பின்."

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் திரும்பும் அச்சுதான் கிங்பின். அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங் நன்றாக இருக்கிறதென்று காட்டி, பிளேடு கனத்தில் இருந்த ஒரு ஷிம்மை, அதாவது இடைவெளிக்கு வைக்கும் தகட்டை, லொடலொடப்பு இறுகட்டும் என்று உருவினார். அந்தப் பக்கமும் ஒன்று. கிரீஸ் வைத்து முடுக்கினார். கூலி அறுநூறு ரூபாய்.

திரும்பி வந்து அதே குழியில் வேண்டுமென்றே 65-ல் ஏற்றினேன். ஸ்டியரிங் ஒரு உதறு உதறி நின்றது. பின் சீட்டில் மிளகுப் பைதான் அவிழ்ந்து கொட்டியிருந்தது.