ஒரு பல் கூட்டினால்

எங்கள் வீட்டு கராஜில் நிற்பது 1974 செவ்ரோலே நோவா. 350 கன அங்குல எஞ்சினைப் பிரித்துக் கட்டி, கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றியாயிற்று. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்தால் சோம்பலாகத்தான் கிளம்பும். காரணம் எஞ்சினில் இல்லை, பின் ஆக்சிலில் இருந்தது. விகிதம் 3.08, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ் ஷாஃப்ட் 3.08 முறை சுற்ற வேண்டும். டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் 2.52. இரண்டையும் பெருக்கினால் 7.76. இந்தத் தொகை கூடினால் கிளம்பும் தள்ளலும் கூடும்.

இந்தப் பெருக்கலைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்சில் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவர். எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று அவர் கேட்கவே இல்லை. டயர் உயரம் கேட்டார், கியர்பாக்ஸ் எது என்று கேட்டார், துண்டுச் சீட்டில் பெருக்கிக் காட்டினார். தெருவிலும் ஓட்ட வேண்டும், டிராக் ஸ்ட்ரிப்பிலும் (கால் மைல் நேர்ப் பந்தயத் தடம்) ஓட்ட வேண்டும் என்றால் பெருக்கல் தொகை பத்துக்குப் பக்கத்தில் வரட்டும் என்றார்.

சரி என்று 4.10 போட்டேன். 2.52-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 10.33. வண்டியே மாறிப்போனது. 27 அங்குல டயரில் கால் மைலை 13.1 வினாடியில் முடித்தது, கடைசியில் மணிக்கு 104 மைல். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். என் எஞ்சினுக்குச் சக்தி உச்சத்தில் இருக்கும் இடமும் அதுதான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

என்ன வேண்டும் என்பது நெடுஞ்சாலையில் தெரிந்தது. நாங்கள் இருப்பது டெட்ராய்ட்டுக்கு மேற்கே. நான் ஓட்டப் போகும் இடம் மார்ட்டின் ஊரில் இருக்கும் யு.எஸ். 131 டிராக் ஸ்ட்ரிப், போக மட்டும் 150 மைல். டிரெய்லர் கிடையாது, வண்டியை ஓட்டிக்கொண்டேதான் போக வேண்டும். கணக்கு எளிது: வேகத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, மைலையும் அங்குலத்தையும் இணைக்கும் 336-ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம்., அதாவது எஞ்சினின் நிமிடச் சுற்று வரும். 70 மைலில் எனக்கு வந்தது 3570. கன்வெர்டர் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) வழுக்கலைச் சேர்த்தால் இன்னும் நூற்றைம்பது கூடும். இரண்டரை மணி நேரம் அந்த இரைச்சல். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. "ஏங்க, இது எங்கேயாவது வெடிச்சிடாதே?" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். திரும்பி வரும்போது கேட்கவில்லை, காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

ஒரு நாளில் ஆறு ஓட்டம் கிடைத்தால் பெரிய விஷயம். ஆறையும் கூட்டினால் ஒன்றரை மைல். அதற்காக 300 மைல் போய் வருகிறோம். வருடம் முழுக்க ஓட்டுவதைப் பார்த்தால் இந்த விகிதாசாரம் இன்னும் மோசம்.

ஆகவே ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கடைசி கியர் உள்ள கியர்பாக்ஸ் தேட ஆரம்பித்தேன். மேனுவல் கியர் போடு என்று சொன்னவர்கள் உண்டு. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வல நெரிசலில் ஒரு மணி நேரம் கிளட்சை மிதித்துப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். ஆட்டோமேட்டிக் என்று முடிவானதும் இரண்டே பெயர்கள் மிஞ்சின: 700-ஆர்4, 200-4ஆர்.

எல்லோருக்கும் தெரிந்தது 700-ஆர்4. முதல் கியர் 3.06, கிளம்பும்போது நன்றாகத் தள்ளும். சிக்கல் அடுத்த கியரில். 3.06-இலிருந்து நேராக 1.63-க்கு விழுகிறது. 5800-இல் கியர் மாறினால் எஞ்சின் 3100-க்குச் சரிந்துவிடும். என் கேம்ஷாஃப்ட்டுக்கு அங்கே உயிரே கிடையாது. 200-4ஆரில் 2.74, அப்புறம் 1.57. அதே மாற்றத்தில் 3300-க்கு மேல் நிற்கும். 1980களில் ப்யூக் கிராண்ட் நேஷனல் காரில் வந்த கியர்பெட்டி இது, சின்னது என்று குறைத்து எடைபோட வேண்டாம். இன்னொரு வசதி, என் டர்போ 350-இன் நீளமேதான் இதற்கும். டிரைவ் ஷாஃப்ட்டை வெட்ட வேண்டியதில்லை, கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் நகர்த்தினால் போதும்.

பழைய பெட்டி ஒன்று வாங்கி, பிரித்துக் கட்டி மாட்டினேன். மூன்று வாரத்தில் எரித்தேன். தப்பு முழுக்க என்னுடையது. இந்தப் பெட்டியில் டி.வி. கேபிள் என்று ஒன்று உண்டு. தொலைக்காட்சி இல்லை, த்ராட்டில் வால்வ். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்கேற்ப உள்ளே எண்ணெய் அழுத்தத்தை ஏற்றுவது இந்தக் கேபிள்தான். என் கார்புரேட்டர் லீவரில் அதன் இழுப்பு சரியான வளைவில் வரவில்லை. முழுதாக மிதித்தாலும் கேபிள் முழுதாக இழுபடாது. அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தகடுகள் பிடிக்காமல் தேயும். டிப்ஸ்டிக்கை எடுத்தபோது சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் விரலை விட்டுப் போகவில்லை. திருத்தும் பிராக்கெட் பெட்டி விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அதை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது முறை பெட்டி நன்றாக வேலை செய்தது. ஆனால் இப்போது 2.74-ஐ 4.10-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 11.23. கிளம்பும் இடத்தில் டயர் சும்மா சுற்றியது. முதல் 60 அடி நேரம் 1.95-இலிருந்து 2.1-க்குப் போனது. தெருவிலோ, சிக்னலைத் தாண்டுவதற்குள் முதல் கியர் முடிந்துவிடும்.

மறுபடி பெரியவர். 3.73 என்றார். 2.74-ஐ 3.73-ஆல் பெருக்கினால் 10.22. பழைய 10.33-க்கு ஒட்டி வந்துவிட்டோம். கியர்பாக்ஸை மாற்றினால் ஆக்சிலையும் யோசிக்க வேண்டும் என்று நான் அந்த நிமிடம்தான் உணர்ந்தேன். இரண்டையும் தனித்தனிப் பொருளாக வாங்கியதுதான் என் செலவு ஏறக் காரணம்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பத்து போல்ட் ஆக்சிலில் 4.10 என்றால் ரிங் கியரில் (சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10. 3.73 என்றால் அதே 41, பினியனில் 11. ஒரே ஒரு பல்தான் கூடுதல்! மஞ்சள் பேஸ்டை ரிங் கியர் பற்களில் தூரிகையால் தடவி, கையால் சுற்றினார். பினியன் உரசிய இடத்தில் மஞ்சள் விலகி, பல்லின் முகத்தில் முட்டை வடிவில் ஒரு தடம் விழுந்தது. அடிப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. கழற்றி, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி, மறுபடி பூட்டினார். மூன்றாவது முறைதான் தடம் நடுவில் வந்தது. பற்களுக்கு நடுவே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு இடைவெளி. "இருபது நிமிடம் மெதுவாக ஓட்டு, ஆற விடு. இரண்டு மூன்று தடவை. 500 மைலில் எண்ணெயை மாற்று" என்று சொல்லி அனுப்பினார்.

கால் மைல் இப்போது 13.2. பத்தில் ஒரு வினாடி போயிற்று. எல்லாம் கடைசிப் பகுதியில் போகிறது. மூன்றாவது கியர் பழைய பெட்டியிலும் இதிலும் ஒன்றுக்கு ஒன்றுதான், அங்கே ஆக்சில் மட்டுமே பேசும். கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் 5000 வாக்கில் இருக்கிறது, உச்சத்தைத் தொடுவதில்லை. 26 அங்குல டயர் போட்டால் கொஞ்சம் மீட்கலாம். போடப் போவதில்லை, சக்கர வளைவுக்குள் காலியாகத் தெரியும். பார்க்க நன்றாக இருக்காது.

70 மைலில் ஓவர்டிரைவ், கன்வெர்டர் பூட்டிக்கொண்டால் 2180. தொழிற்சாலையிலிருந்து வந்த 3.08-ஐ விட ஐந்நூறு குறைவு. 4.10 செட் எண்ணெய்த் தாளில் சுற்றி அலமாரியில் இருக்கிறது, விற்க மனம் வரவில்லை. போன வாரம் மார்ட்டின் போகும் வழியில், கலாமசூ தாண்டியதும் என் மனைவி ரேடியோ சத்தத்தைக் குறைத்தாள். இவ்வளவு நாளாக அது முழுச் சத்தத்தில் இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.