ஒரே மருந்து, இரண்டு தட்டுகள்

மெலனோமா என்பது தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்று. அதை ஆராயும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஏ375, எஸ்கே-மெல்-2 என்ற இரண்டு செல் வரிசைகளை, அதாவது தட்டில் தொடர்ந்து வளர்க்கப்படும் மெலனோமா செல்களை. முதலாவதில் பிராஃப் என்ற கைனேஸ் (மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) கெட்டிருக்கிறது. இரண்டாவதில் பிராஃப் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதை ஏவும் என்ராஸ் என்ற ராஸ் வகைப் புரதம் கெட்டிருக்கிறது.

பிராஃபின் வேலை, ராஸ் புரதத்திடமிருந்து வரும் உத்தரவை வாங்கி மெக் என்ற அடுத்த புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஒட்டுவது. மெக் அதையே எர்க் என்ற புரதத்துக்குச் செய்யும். எர்க் உட்கருவுக்குள் போய்ச் செல்லை இரண்டாகப் பிரிந்து பெருகச் சொல்லும். உத்தரவு நின்றால் பிராஃபும் அடங்க வேண்டும். பிராஃபின் அமினோ அமிலச் சங்கிலியில் 600ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலம் வந்துவிட்டால் அடங்காது. டிஎன்ஏவில் ஒரே எழுத்து மாறினால் போதும். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் மாறியிருக்கிறது. 2002இல் சாங்கர் நிறுவனக் குழு இதை வெளியிட்டது. 2011இல், மாறிய பிராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஏ375 தட்டில் அந்த மருந்தை விட்டால், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பாஸ்பேட் ஏறிய எர்க்கின் பட்டை சில மணி நேரத்தில் மங்கிவிடும். எஸ்கே-மெல்-2இல் அதே பட்டை அடர்த்தியாகும்! குப்பி மாறிவிட்டதோ என்று மாணவர்கள் சந்தேகப்படுவார்கள். மாறவில்லை. ராஸ் ஏவும்போது ராஃப் புரதங்கள் (பிராஃபும் அதன் உறவுப் புரதங்களும்) ஜோடி சேர்ந்து வேலை செய்பவை. ஒன்றில் மருந்து உட்கார்ந்தால் அது தன் ஜோடியைத் தூண்டிவிடுகிறது. நோயாளிகளிடமும் இது நடந்தது: மெலனோமா சுருங்கும்போதே சிலருக்குத் தோலில் ஸ்குவாமஸ் செல் புற்று என்ற வேறு வகைப் புற்று முளைத்தது, பலருக்கு ஏற்கெனவே ராஸ் மாறியிருந்த செல்களில். மெக்கைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தபோது அது குறைந்தது. இந்தியர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம், அந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவு. எனவே மரபணுப் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தைத் தொடங்கவே கூடாது.

புற்றின் பரவலை அளப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. செல் விரிப்பில் பைப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, இடைவெளி மூடுவதைப் பார்ப்போம். செல்கள் நகர்ந்தும் மூடலாம், பெருகியும் மூடலாம். மைட்டோமைசின் போட்டுப் பிரிவை நிறுத்தாமல் எடுத்த கீறல் படங்களை நான் நம்புவதில்லை. கைனேஸைத் தடுத்ததும் இடைவெளி திறந்தே கிடந்தால் பரவல் நின்றுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள்; பெரும்பாலும் வளர்ச்சி நின்றதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வளர்ச்சியும் பரவலும் ஒன்றல்ல என்பதற்கு நம் தோலிலேயே சாட்சி உண்டு. சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே பிராஃப் மாற்றம் இருக்கிறது. கொஞ்ச காலம் வளர்ந்து, பிறகு நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. எலிகளில் இந்த மாற்றத்தோடு பீடென் என்ற, புற்றைத் தடுக்கும் மரபணுவையும் நீக்கியபோது மெலனோமா வந்து நுரையீரல் வரை பரவியது. இப்போது எங்கள் மேசையில் இருக்கும் வேலையும் இதுதான்: பிராஃப் மாறிய செல்லில் பீடெனை எடுத்துவிட்டு, பிரிவை நிறுத்திவைத்து, அது நகர்கிறதா என்று பார்ப்பது.