ஸ்டில்கருக்கு அந்த எண் பெரிதாகப் படவில்லை

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன் மெசையா' என்ற அறிவியல் புனைகதை நாவலை நேற்று இரவு முடித்தேன். மனசு இன்னும் கனமாகவே இருக்கிறது.

1965இல் வந்த இதன் முதல் பாகமான 'டியூன்' நாவலில் பால் அட்ரெய்டிஸ், அப்பாவைப் பறிகொடுத்து அம்மாவோடு பாலைவனத்துக்குள் தப்பி ஓடும் பையன். அவன் ஜெயிக்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் வேண்டிக்கொண்டேன். ஜெயித்தான், பேரரசனும் ஆனான். பன்னிரண்டு வருடம் கழித்து இந்தக் கதை தொடங்குகிறது. அதற்குள் அவன் பெயரைச் சொல்லி நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருக்கிறார்கள். 90 கோள்களில் உயிர் என்பதே இல்லை.

ஒரு இடம் என்னை உலுக்கிவிட்டது. ஹிட்லர் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதைப் பழைய தோழன் ஸ்டில்கரிடம் பால் சொல்கிறான். கணக்கு ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்கிற மாதிரி பதில் வருகிறது. தன் குடிகளைக் கண்ணாகக் காத்த ஒரு பாலைவனத் தலைவன் இப்படி ஆகிவிட்டானே! பால் செய்ததிலேயே பெரிய கொடுமை எனக்கு இதுதான்.

இத்தனைக்கும் போர் வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வேண்டாம் என்றும் நினைத்தான். தடுக்க முடியவில்லை. அதனால் அவனை முழுசாக வெறுக்கவும் வரமாட்டேன் என்கிறது.

'அனலாக்' என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இந்த நாவலைப் போட மறுத்துவிட்டார், நாயகன் வீழ்வது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு 1969இல் 'கேலக்ஸி' இதழில் தொடராக வந்தது.

ஸ்டில்கர் பேசும் அந்தப் பக்கத்தை இன்று காலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இதைப் பற்றிப் பேச வேண்டும் போல இருக்கிறது.