டர்போ ஆறட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், இரண்டு பிஎம்டபிள்யூ எம்3 கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று 2008ஆம் ஆண்டு வண்டி. நான்கு லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், டர்போ கிடையாது. எங்கள் பட்டறைக்குப் பல வருடங்களாக வரும் வாடிக்கையாளர் ஒருவருடையது. மற்றது 2015ஆம் ஆண்டு வண்டி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. அது பட்டறை முதலாளியின் சொந்தக் கார். இரண்டும் நான்கு கதவு செடான்கள். பின் இருக்கையில் குழந்தையைப் பள்ளிக்கும் கூட்டிப்போகலாம்.

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து தெற்கே போகும் ஏ95 நெடுஞ்சாலையில் வேகவரம்பு இல்லாத பகுதிகள் உண்டு. பழைய வண்டியை முதலில் என்னிடம் கொடுத்தார்கள். சூடு ஏறும்வரை பொறுமையாகப் போனேன். எண்ணெய் பதத்துக்கு வந்ததும் மூன்றாவது கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தினேன்.

எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும்போது அது சாதாரண கார்தான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாயிரத்தில் குரல் மாறுகிறது. ஆறாயிரத்தில், இனி முடிந்தது, கியர் மாற்ற வேண்டியதுதான் என்று கை தானாக நகர்கிறது. ஆனால் முள் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏழாயிரம், எட்டாயிரம். இந்த எஞ்சின் தன் முழுத் திறனான 420 குதிரைத்திறனைத் தருவது 8,300ஆவது சுற்றில். அதற்கு மேல் நூறு சுற்றுத்தான் மிச்சம். உச்சிக்கு ஏறினால்தான் கூலி. பாதியில் நின்றவருக்குப் பாதிக் கூலி. இதன் எஞ்சின் பிளாக்கை வார்த்தது லாண்ட்ஸ்ஹூட் நகரிலுள்ள பிஎம்டபிள்யூ வார்ப்பாலையில். அதே நிறுவனத்தின் ஃபார்முலா ஒன் எஞ்சின் பிளாக்குகளும் அங்கேதான் வார்க்கப்பட்டன. 8,000 சுற்றைக் கடக்கும்போது அந்த உறவு காதுக்குப் புரிகிறது.

நான் நாமக்கல்காரி. அப்பா லாரி மெக்கானிக். டர்போ என்ற சொல்லை நான் முதலில் படித்ததே லாரி முகப்பில்தான். எங்கள் ஊரில் அது பந்தயத்துக்கான சாமான் அல்ல, பாரத்துக்கான சாமான். தொப்பூர் கணவாயில் சுமையோடு ஏறும் லாரியின் விசில் சத்தத்தை வைத்தே டர்போ நன்றாக இருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று அப்பா சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பட்டறையில் அப்போது யாரும் பேசக்கூடாது.

டர்போ என்றால் என்ன என்று நான் கேட்டபோது அப்பா கொல்லுப்பட்டறைக்கு அழைத்துப்போய்த் துருத்தியைக் காட்டினார். துருத்தி ஊதினால் அதே கரி இன்னும் கனன்று எரிகிறது அல்லவா, அதுதான் என்றார். வித்தியாசம் ஒன்றே. கொல்லனின் துருத்தியை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். டர்போவில் எஞ்சின் வெளியே தள்ளும் புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதுகிறது. வீணாய்ப் போகிற மூச்சே அடுத்த மூச்சுக்கு உதவுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905இலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்று பட்டறையில் ஒரு டர்போவைக் கழற்றிக் கையில் எடுத்தால் உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்ப்பேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிற பொருள் அது. எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றுதான் அதைத் தாங்குகிறது.

வேகத்துக்கென்றே செய்த செடான்கள் எல்லாம் ஏன் டர்போ பக்கம் திரும்பின என்பதற்கு ரசனை காரணமல்ல. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற இலக்கை ஒட்டி இருக்க வேண்டும் என்றது அன்றைய விதி. தாண்டினால், கூடும் கிராமுக்கு 95 யூரோ வரை அபராதம், விற்ற ஒவ்வொரு காருக்கும். பெரிய எஞ்சினின் சிலிண்டர்கள் சும்மா ஊர்ந்துபோகும்போதும் காற்றையும் எரிபொருளையும் கேட்கின்றன. சிறிய எஞ்சினில் டர்போவைப் பொருத்தினால், தேவைப்படும்போது பெரிய எஞ்சினாகவும் மற்ற நேரத்தில் சிறிய எஞ்சினாகவும் இருக்கும். அதிகாரபூர்வச் சோதனையில் பழைய எம்3 நூறு கிலோமீட்டருக்கு 12.4 லிட்டர் குடித்தது. புதியது, கையால் கியர் மாற்றும் வண்டி, 8.8 லிட்டர். பிறகு எந்த இயக்குநர் குழு எட்டாயிரம் சுற்றுக்காக வாதாடும்?

எம்3யின் பெரிய அண்ணனான எம்5க்கு இது முன்பே நடந்துவிட்டது. 507 குதிரைத்திறன் கொண்ட ஐந்து லிட்டர் வி10 எஞ்சினுக்குப் பதிலாக 2011இல் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 வந்தது, 560 குதிரைத்திறன். பழையது 6,100 சுற்றில் 520 நியூட்டன் மீட்டர் இழுவை தந்தது. புதியது 1,500 சுற்றிலேயே 680 தருகிறது. இந்த இரண்டு எண்களில் முழுக் கதையும் இருக்கிறது.

லாரிக்காரர் மகளான எனக்கு அடிச்சுற்றில் கிடைக்கும் இழுவையின் அருமை தெரியும். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய செடானை மேட்டில் ஏற்ற அதுதான் வேண்டும். டர்போவைக் குறை சொல்கிறவர்கள் பலரும் முதல் தலைமுறை டர்போவின் நினைவிலேயே பேசுகிறார்கள். 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ அப்படிப்பட்டது. 170 குதிரைத்திறன், நீண்ட காத்திருப்பு, பிறகு திடீரென்று முதுகில் ஓர் உதை. எண்ணெய் நெருக்கடி வந்த நேரத்தில் சந்தைக்கு வந்து, 1,672 வண்டிகளோடு நின்றுபோனது. சிக்கனம் கேட்ட காலம் அன்று டர்போவைக் கொன்றது. அதே சிக்கனம்தான் இன்று டர்போவைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கோக்கெலிலிருந்து வால்ஷன் ஏரிக்கு ஏறும் கெஸெல்பெர்க் மலைப்பாதையில் வேகம் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் காலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள உறவைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கொண்டைஊசி வளைவில் நுழைந்து, பாதி வளைவில் ஆக்சிலேட்டரை அரை விரல்கடை அழுத்துகிறோம். பழைய வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தட்டு தனித்தனி, மொத்தம் எட்டு. அரை விரல்கடைக்கு அரை விரல்கடை பதில். கேள்வி முடியும் முன் பதில் வந்துவிடுகிறது. காலை லேசாகத் தளர்த்தினால் அதையும் உடனே கேட்கிறது.

மேலே ஏரிக்கரையிலுள்ள ஊர்ஃபெல்டில் வண்டி மாற்றிக்கொண்டு, புதியதில் மலையிறங்கிப் போய் மறுபடி மேலே ஏறினேன். மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ வீதம் இரண்டு சிறிய டர்போக்கள். சிறியவை என்பதால் சீக்கிரம் சுழல்கின்றன. காத்திருப்பு என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை. அதே வளைவில் அதே அரை விரல்கடை. பதில் வந்தது, ஆனால் நான் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு கண்ணிமைப்பு தாமதமாக. புகை சக்கரத்தைச் சுற்றி, சக்கரம் காற்றை அமுக்கி, அந்தக் காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து சிலிண்டருக்கு வர வேண்டும். எத்தனை நுட்பமாகச் செய்தாலும் இடையில் ஒரு தரகர் இருக்கிறார். 1,850 சுற்றிலிருந்து 550 நியூட்டன் மீட்டர் தயாராக நிற்பதால், எந்தக் கியரில் இருந்தாலும் கவலையில்லை. பழையதில் கியரைத் தவறவிட்டால் வளைவே பாழாகிவிடும். வேகமானது எது என்றால் சந்தேகமில்லாமல் புதியதுதான். என்னை நல்ல ஓட்டுநராக்குவது பழையது.

இதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன். மனம் ஏற்காதது ஒன்றே ஒன்று. டர்போவின் சக்கரம் புகையின் வழியில் குறுக்கே நிற்பதால் எஞ்சினின் குரல் மட்டுப்படுகிறது. அதை ஈடுகட்ட, காருக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் வழியாக எஞ்சின் சத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த எம்3யிலும் அது உண்டு. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து உண்மையைக் கேட்ட ஒருவரின் மகளாக இதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் வெட்கப்பட வேண்டிய எஞ்சின் அல்ல. மட்டுப்பட்ட குரலானாலும் அதன் சொந்தக் குரல் போதும். பொறியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துச் செய்த பொருளுக்கு ஒப்பனைக் குரல் தருவது அந்த உழைப்பை மதிக்காத செயல்.

மெர்சிடிஸ் இன்னும் தூரம் போய்விட்டது. சி63 செடானில் முதலில் 6.2 லிட்டர் வி8 இருந்தது. பிறகு நான்கு லிட்டர் இரட்டை டர்போ வி8. 2022இல் அறிவித்த வண்டியில் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், கூடவே மின்மோட்டார். இரண்டும் சேர்ந்து 680 குதிரைத்திறன். டர்போவின் தண்டிலேயே ஒரு சிறிய மின்மோட்டாரைப் பொருத்தி, புகைக்குக் காத்திராமல் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். தரகரையே ஒழித்துவிட்டார்கள்! அந்தச் சிந்தனைக்கு நான் மனதார வணங்குகிறேன். ஆனால் வண்டியின் எடை இரண்டு டன்னைத் தாண்டிவிட்டது. வளைவில் அந்த எடையை எந்த மோட்டாராலும் மறைக்க முடியாது.

இரண்டாவது முறை மேலே வந்து சேர்ந்தபோது ஏரியின் மேல் வெயில் படத் தொடங்கியிருந்தது. காரை ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். முதலாளி கண்ணாடியைத் தட்டி, ஏன் அணைக்கவில்லை என்று கேட்டார். டர்போ ஆறட்டும் என்றேன். இந்த வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் குளிர்நீர் பம்பு தானாக ஓடும், தேவையில்லை என்றார். எனக்கும் தெரியும். அந்த பம்பை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

"மேடு ஏறி வந்தவுடனே சாவியைத் திருப்பாதே, கண்ணு. எண்ணெய் ஓடி அது சூடு தணியட்டும்" என்று அப்பா ஒவ்வொரு லாரிக்கும் சொல்வார். இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைத்தேன்.