பழைய மோட்டார் சைக்கிளுக்கு இன்லைன் பெட்ரோல் ஃபில்டர் பொருத்திய அனுபவம்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டிய சில வாரங்களிலேயே ஐடிலிங் (த்ராட்டிலைத் திருகாதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிலைக்காமல் போவதும், வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டுவதும் என் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியில் வாடிக்கையாகிவிட்டன. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருக்கும். காந்தத்தை அருகே கொண்டுபோனதும் அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டதால், அது டேங்குக்குள்ளிருந்து வரும் துரு என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அந்தக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி வால்வின் இருக்கையில் அந்தத் தூள் சிக்கினால் வால்வு முழுதாக மூடாமல் பெட்ரோல் வழிகிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் நுண்துளையான பைலட் ஜெட்டில் சிக்கினால் ஐடிலிங் போய்விடுகிறது.

பெட்ரோல் ஹோஸின் நடுவே மாட்டும் இன்லைன் ஃபில்டர் என்பது துருப்பிடித்த டேங்குக்கு மருந்து அல்ல என்பதால், முதலில் டேங்கைக் கழற்றித் துருவை அகற்றினேன். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘பெட்ரோல் காக்’ என்ற வால்வையும் கழற்றியபோது, டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வலை ஓரிடத்தில் கிழிந்திருந்தது தெரிந்தது. மெயின், ரிசர்வ் இரண்டுக்குமான குழாய்களைச் சுற்றியுள்ள இந்த வலைதான் முதல் காவல்; அதை மாற்றாமல் வெளியே எத்தனை நல்ல ஃபில்டரைப் போட்டாலும், அது விரைவில் அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. எவ்வளவு நுண்மையாக வடிகட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவதற்குப் பம்ப் எதுவும் இல்லை. டேங்கில் உள்ள பெட்ரோலின் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே உண்டு. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோல் தருவது சுமார் 0.02 பார் அழுத்தம்தான். ரிசர்வில் ஓடும்போது அதுவும் குறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கான ஃபில்டரை இங்கே பொருத்துவதில் பொருளில்லை. மறுபுறம், சிறிய வண்டிகளின் பைலட் ஜெட் துளையே பெரும்பாலும் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருப்பதால், அதை அடைக்கக்கூடிய துகளைத் தடுக்க 0.1 மில்லிமீட்டர் துளையளவுள்ள நைலான் வலையே போதுமானது.

காகித ஃபில்டரையும் வலை ஃபில்டரையும் வாங்கி, வண்டியில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் காக்கிலிருந்து வரும் ஹோஸில் செருகி, அளவு குறித்த பாட்டிலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். முழு த்ராட்டிலில் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் தரும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் பெட்ரோலைக் குடிக்கும். ஃபில்டர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்காவது விட்டாக வேண்டும். டேங்கில் பெட்ரோல் நிறைந்திருந்தபோது இரண்டுமே தேறின. ரிசர்வ் மட்டத்தில் காகிதத்தின் வழியாக வந்த தாரை மெலிந்து சொட்டாகிவிட்டது, வலையில் அப்படி நேரவில்லை. காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பக்கூடியது என்பதும் சேரவே, வலை ஃபில்டரையே எடுத்துக்கொண்டேன். எஞ்சினின் உறிஞ்சு விசையால் திறக்கும் வாக்குவம் காக் உள்ள வண்டிகளில் எஞ்சின் ஓடாதபோது பெட்ரோல் வராது. எஞ்சின் ஓடாமலேயே பெட்ரோலை விடும் பிரைம் நிலை அந்தக் காக்கில் இருந்தால்தான் இந்தச் சோதனையை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியும்.

கண்ணாடி உடல் கொண்டவை பார்வைக்கு அழகானவை. ஆனால் சூடான எஞ்சினுக்கு மேலே உடையக்கூடிய ஒரு பொருளில் பெட்ரோலை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

பொருத்தும் வேலை சிறியது; எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான திறந்த இடத்தில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்தேன். பழைய ஹோஸ் முனைகளில் இறுகி வெடித்திருந்ததால், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புதிய ஹோஸை, காக்கின் முனைக்கேற்ற உள்விட்டத்தில் வாங்கி மாற்றினேன். ஃபில்டரின் உடலில் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். திருகி இறுக்கும் கிளிப் பிளாஸ்டிக் கழுத்தை நசுக்கிவிடும் என்பதால் ஸ்பிரிங் கிளிப்பே போதும்.

உண்மையான சிரமம் இடத்தில்தான் இருந்தது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத நிலையில், நேர் ஃபில்டரை வைத்தால் ஹோஸ் மடிந்துவிடுகிறது. கூடுதல் நீளம் விட்டால் அது கீழே தொங்கி மீண்டும் மேலேறுகிறது, மேலேறும் அந்த வளைவில் காற்று நின்று ஓட்டத்தைத் தடுக்கிறது. உள்வாயும் வெளிவாயும் செங்கோணத்தில் அமைந்த ஃபில்டர் இதைத் தீர்த்தது. ஹோஸை முழுவதும் இறக்கமாகவும், சிலிண்டர் ஹெட்டிலிருந்து விலகியும் அமைத்து, டேங்கை இறுதியாக உட்கார வைத்த பிறகு அடியில் கைவிட்டு மடிப்பு இல்லை என்று உறுதி செய்தேன்.

காக்கைத் திறந்ததும் ஃபில்டர் பாதிதான் நிரம்பியது. மேலே காற்றுக் குமிழி நிற்பது வழக்கமானதே. பெட்ரோல் வந்துகொண்டிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இணைப்புகளுக்கு அடியில் காய்ந்த காகிதத்தைச் சிறிது நேரம் வைத்துக் கசிவில்லை என்று பார்த்த பின்னரே எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன்.

அதன்பின் ஐடிலிங் சீராகவே இருக்கிறது. வலையின் மேற்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பு படிவதும் வெளியிலிருந்தே தெரிகிறது. ஆனால் டேங்கில் சேரும் தண்ணீரை இந்த வலை தடுக்கும் என்று நம்ப முடியாது என்பதால், ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் திருகை அவ்வப்போது தளர்த்திப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.