ஸ்கீனா ஆற்றோரம் நான் தேடிய எல்லைக்கோடு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காட்டு மரங்களின் மரபியலை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் கோடையிலேயே என்னை ஸ்கீனா பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்று, வழியெங்கும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் இலைகளையும் கூம்புகளையும் சேகரித்து வர வேண்டும். மேற்கே சிட்கா ஸ்ப்ரூஸ், கிழக்கே வெள்ளை ஸ்ப்ரூஸ், இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் எல்லை. அதைக் கண்டுபிடிப்பதே வேலை என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

கடலோர ஊரான பிரின்ஸ் ரூபர்ட்டில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டெரஸ் ஊரை அடையும்போது அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, உள்நாட்டு ஊரான ஸ்மிதர்ஸில் சுமார் 500 மில்லிமீட்டரில் நிற்கிறது. ஒரே நாளில் காரில் கடந்துவிடக்கூடிய தொலைவுதான். கடலோரத்தில் மரங்களை அடையாளம் காண்பதில் சிரமமே இருக்கவில்லை: சிட்காவின் ஊசி தட்டையானது, அதன் கூம்புச் செதில்களின் விளிம்பு ஒழுங்கற்றுப் பிசிறியிருக்கும். வெள்ளை ஸ்ப்ரூஸின் ஊசியோ நான்கு பக்கங்கள் கொண்டது, விரல்களுக்கிடையில் எளிதாக உருளும். செதில்களின் விளிம்பும் வழவழப்பானது. டெரஸைத் தாண்டிய பிறகு, ஊசி ஒன்றைச் சொல்ல, அதே மரத்தின் கூம்பு வேறொன்றைச் சொன்னது. நான் தயங்காமல், படிவத்தில் இனத்துக்கென இருந்த கட்டத்தை என் கண்ணை நம்பி நிரப்பிக்கொண்டே போனேன்.

டிஎன்ஏ முடிவுகள் வந்தபோது என் கட்டங்களில் பல பொய்யாகியிருந்தன. பைகள் மாறிவிட்டனவோ என்று பயந்து இரண்டு நாட்கள் ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்தேன். பைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. தவறு என் எழுத்தில்தான் இருந்தது. நான் 'சிட்கா' என்று எழுதிய மரங்கள் பலவற்றில் வெள்ளை ஸ்ப்ரூஸின் மரபணுக்கள் கணிசமாகக் கலந்திருந்தன. "இனப் பெயரை விட்டுவிடுங்கள், எந்த இடம், எவ்வளவு உயரம், அவற்றை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள்" என்றார் மூத்த ஆய்வாளர்.

அந்தக் கலப்புக்கு நிலத்தின் அமைப்பே வழிவிட்டிருக்கிறது. கடற்கரை மலைத்தொடர் பெரும்பாலும் ஒரு மதில்போல நின்று இரு இனங்களையும் பிரிக்கிறது. ஸ்கீனா, நாஸ் போன்ற சில ஆறுகள் மட்டுமே அதை அறுத்துக்கொண்டு கடலைச் சேர்கின்றன. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளெல்லாம் பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தன. பனி விலகியபின் வெவ்வேறு புகலிடங்களிலிருந்து பரவி வந்த இரு இனங்களும் இந்த ஆற்று வழிகளில் சந்தித்தன. விதை பெரும்பாலும் தாய்மரத்துக்கு அருகிலேயே விழுகிறது; மகரந்தமோ காற்றேறி வெகுதூரம் போகிறது. ஸ்ப்ரூஸில், செல்லுக்குள் இருக்கும் பசுமைக்கணிகம் என்ற உறுப்பின் டிஎன்ஏ மகரந்தத்தோடு தந்தைவழியிலும், மைட்டோகாண்ட்ரியா என்ற இன்னோர் உறுப்பின் டிஎன்ஏ விதையோடு தாய்வழியிலும் இறங்குவதால், காற்றில் வந்தது எது, விதையாக வந்தது எது என்பதை ஒரே மரத்தில் தனித்தனியாகப் படிக்க முடிகிறது. இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, பிறக்கும் நாற்று அங்குள்ள குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும் என்பது உறைபனிச் சோதனை செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. இலையுதிர் காலத்தில் நாற்றுகளின் ஊசிகளை நறுக்கிக் குழாய்களில் இட்டு, குறித்த வெப்பநிலைக்கு மெல்ல மெல்லக் குளிர்விப்போம். சிதைந்த செல்களிலிருந்து உப்புகள் நீரில் கசியுமாதலால், நீரின் மின்கடத்துத் திறனை அளப்போம். பிறகு அதே ஊசிகளைச் சூடாக்கி முழுவதும் கொன்று மறுபடியும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சேதத்தைக் கணக்கிடுவோம். சலிப்பூட்டும் வேலை, விரல்கள் மரத்துப்போகும். மிதமான கடலோரக் குளிருக்குப் பழகிய சிட்கா நாற்றுகள் இலையுதிர் காலத்திலும் நெடுநாள் வளர்ந்துகொண்டிருந்துவிட்டு அடிபட்டன. வெள்ளை ஸ்ப்ரூஸ் முன்கூட்டியே வளர்ச்சியை நிறுத்தி, மொட்டுகளை மூடிக்கொண்டு ஆயத்தமாகியிருந்தது. கலப்பின நாற்றுகள் இரண்டுக்கும் இடையில் நின்றன. மழை ஓரளவு குறைந்து குளிர் ஓரளவு ஏறும் நடுப்பள்ளத்தாக்கில், பெற்றோர் இருவரையும்விட இந்த இடைப்பட்ட மரமே பொருத்தமானது என்பது என் எண்ணம்.

உள்நாட்டிலும் இதே கதை செங்குத்தாக நடக்கிறது: தாழ்ந்த இடங்களில் வெள்ளை ஸ்ப்ரூஸ், மலை உயரங்களில் எங்கல்மன் ஸ்ப்ரூஸ், நடுவே இரண்டும் கலந்தவை. வனத்துறையினர் பிரிக்க முயன்று அலுத்துப்போய், எல்லாவற்றையும் சேர்த்து 'உள்நாட்டு ஸ்ப்ரூஸ்' என்றே சொல்லிவிடுகிறார்கள். என் படிவத்தைவிட அது நேர்மையான ஏற்பாடு.

எந்த விதையை எங்கே நடலாம் என்பதை நடுமிடத்தின் தட்பவெப்பத்தைப் பொருத்திப் பார்த்து முடிவுசெய்யும் முறையை மாகாண அரசு 2018-இல் கொண்டுவந்தபோது, எங்களிடம் தரவு கேட்டு வந்தவர்கள் மரத்தின் பெயரைவிட, அது நின்ற இடத்தின் மழையையும் குளிர்கால வெப்பநிலையையும்தான் அதிகம் விசாரித்தார்கள். நல்லவேளையாக, இடத்தையும் உயரத்தையும் அந்த முதல் கோடையிலும் நான் சரியாகவே குறித்து வைத்திருந்தேன்.