சின்னப் பாக்கெட்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் ஒரு உரக்கடை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 2004-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன், பதினான்கு வருடம் இருந்தேன். முதலில் மூட்டை இறக்குவதும் பில் போடுவதும்தான். அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்து மேசைக்கு வந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நான்தான் டாக்டர் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வாடிய இலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். "தம்பி, இதுக்கு என்ன அடிக்கலாம்?" வேளாண்மை அலுவலகம் சாயங்காலம் பூட்டிவிடும், கடை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும். கடனுக்குக் கொடுப்பதும் கடைதான்.

மரபணு மாற்றுப் பயிரைப் பற்றி நான் படித்தது புத்தகத்தில் இல்லை, விதைப் பாக்கெட்டில். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றி, தின்கிற காய்ப்புழு சாகும்படி செய்த பருத்திதான் பி.டி. பருத்தி. அதற்கு 2002 மார்ச்சில் மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தது. ஆரம்பத்தில் 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2006-ல் ஆந்திர அரசு வழக்குக்குப் போய், விலை 750-க்கு இறங்கியது. அதன் பிறகு விதைப்புக் காலம் வந்தால் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. விதை நன்றாகவே வேலை செய்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். பச்சைக் காய்ப்புழுவுக்கென்று வாரம் தவறாமல் மருந்து வாங்கியவர்கள், அந்த மருந்தையே மறந்துபோனார்கள். முதலாளிக்குத்தான் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அந்தப் பாக்கெட்டோடு இன்னொரு சின்னப் பாக்கெட்டும் வரும். 120 கிராம். சாதாரணப் பருத்தி விதை. அதை வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவுக்கு விதைக்க வேண்டும். காரணம் எளிமையானது. வயல் முழுக்க பி.டி. செடியாகவே இருந்தால், அதைத் தின்றும் சாகாமல் தப்பிக்கிற ஒன்றிரண்டு புழுக்கள் அந்துப்பூச்சியாகி ஒன்றோடொன்று கூடும். அந்தத் தாங்குசக்தி வம்சத்துக்கே வந்துவிடும். ஓரத்தில் சாதாரணச் செடி இருந்தால் அதில் வளர்ந்த பூச்சிகளோடு அவை கலக்கும், சக்தி நீர்த்துப்போகும். கம்பெனிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்ட கூட்டத்தில் இதைப் பத்து நிமிடம் சொன்னார்கள். அப்புறம் பிரியாணி.

யாரும் விதைக்கவில்லை. "கடன் வாங்கி உழுத நெலத்துல புழுவுக்கு எதுக்கு தம்பி சோறு?" என்று ஒருவர் கேட்டார். பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரே ஒரு தடவை ஒருவரிடம் வற்புறுத்தினேன். "எதிர்க்கடையில இதெல்லாம் சொல்றதில்லையே" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டேன். பலர் மேசை மேலேயே பிரித்து, சின்னப் பாக்கெட்டை எனக்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு சாக்கில் போட்டுக் கடைக்குப் பின்னால் வைப்போம். எலி கடித்துச் சிதறி, ஐப்பசி மழையில் சுவரோரமாகப் பருத்தி முளைத்துக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் சட்டப்படி புழுவுக்கு ஒதுக்கிய நிலம் அந்தச் சுவரோரம்தான்.

குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யைத் தாங்கத் தொடங்கிவிட்டது என்று 2010-ல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சில வருடங்களில் இரண்டு மரபணு சேர்த்த அடுத்த விதையையும் அது கடந்துவிட்டது. மறுபடியும் மருந்துதான். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலும் சிலர் அப்படியே இறந்துபோனார்கள். மருந்து குறையும் என்று சொல்லி விற்ற பயிர் அது.

கத்தரிக்காய் கதை வேறு. கத்தரியில் வருவது தண்டையும் காயையும் துளைக்கும் புழு. முதலில் நுனிக்குருத்து தலையைத் தொங்கப்போடும். காய் பிடித்ததும் புழு உள்ளே நுழைந்து, வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். வெளியே அடிக்கிற மருந்து உள்ளே போகாது. அதனால் அது நுழைவதற்குள் கொல்ல வேண்டுமென்று மூன்று நாளுக்கொருமுறை, நான்கு நாளுக்கொருமுறை டேங்கைத் தோளில் மாட்டுவார்கள். பறிப்பும் அதே கணக்கில்தான். திங்கள் மருந்து, புதன் பறிப்பு, வியாழன் விடியற்காலை தலைவாசல் மார்க்கெட். மருந்தடித்து இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று துண்டுத்தாளில் பொடி எழுத்தில் இருக்கும். படித்தவர்கள் இருந்திருக்கலாம், காத்திருந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மோனோகுரோட்டோபாஸ் என்று ஒரு மருந்து. டப்பாவில் சிவப்பு முக்கோணம், கடும் விஷம் என்பதற்கான அடையாளம். காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை. "பருத்திக்குத்தானே?" என்று கேட்பேன். "பருத்திக்குத்தான்" என்பார் ஒருவர். அவர் நிலத்தில் கத்தரியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பில் போட்டுக் கொடுத்தேன். எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பி.டி. கத்தரி வந்தது. 2009 அக்டோபர் 14-ல் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி தந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, மதுரை 1, பாலூர் 1 மாதிரியான நம்மூர் ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றி வைத்திருந்தது. நாடெங்கும் எதிர்ப்பு. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9-ல் நிறுத்திவைத்தார். இன்றுவரை அப்படியே இருக்கிறது. வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, அடுத்த ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது.

எங்கள் கடை பெஞ்சிலும் தினம் இதே பேச்சு. தலைமுறையாகக் கத்தரி போடுகிற ஒரு பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "புழு தின்னா சாவுதுங்கிறான். அதையே நாம தின்னா?" பி.டி. புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், நம் வயிற்றில் இருப்பது அமிலம் என்று கூட்டத்தில் கேட்டதை ஒப்பித்தேன். அவர் சிரித்தார். "சரி தம்பி. மருந்தடிச்ச காயைக் கழுவிடலாம். உள்ளயே இருக்கறதை எப்படிக் கழுவுறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று அவர் வாங்கிய மருந்தும் செடிக்குள் ஊடுருவிப் பரவுகிற வகைதான், எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மூடியால் எத்தனை அளவு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

எதிர்த்தவர்கள் சொன்னதில் பலவற்றை ஒப்புக்கொள்வேன். விதை யார் கையில் என்ற கேள்வி நியாயமானது. இத்தனை நாட்டு ரகம் இருக்கிற மண்ணில் மகரந்தம் கலந்தால் என்னாகும் என்பதும் நியாயமானது. ஆனால் மரபணு மாறிய எதுவும் நம் வாய்க்குள் போனதே இல்லை என்பதுபோல் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாட்டில் விளைகிற பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. அதன் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், புண்ணாக்கும் கொட்டையும் மாட்டுக்குப் போகிறது. மதுரையில் சாயங்காலமானால் பருத்திப்பால் வண்டி நிற்கும். கருப்பட்டியும் சுக்கும் போட்டு, தொண்டைக்கு இதமாக, நானே குடித்திருக்கிறேன். எந்தப் பருத்தி என்று வண்டிக்காரரிடம் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஆதரித்தவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பரிசோதனைத் திடலில் எல்லாச் செடிக்கும் ஆள் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஊரில் அந்த இடத்தில் இருந்தது நான். எதிர்க்கடைக்குப் பயந்த, கமிஷனுக்கு ஓடிய நான். பி.டி. கத்தரி வந்திருந்தால் அதோடும் ஏதோ ஒரு சின்னப் பாக்கெட் வந்திருக்கும். அதை என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

2018-ல் வேலையை விட்டேன். கடைசி நாள் அந்தப் பெரியவர் வந்தார். மஞ்சள் பையில் இரண்டு கிலோ இருக்கும், வரி ஓடிய கத்தரிக்காய். ஒன்றிரண்டில் ஓட்டை.

"இது எந்தப் பாத்தி?" என்று கேட்டேன். மார்க்கெட்டுக்குப் போகிற நான்கு ஏக்கர் போக, கிணற்றடியில் வீட்டுக்கென்று மருந்து காட்டாத இரண்டு பாத்தி வைத்திருப்பார். அந்தப் பக்கம் அநேகமாக எல்லாருமே வைத்திருப்பார்கள்.

"ஒனக்குப் போயி அந்தக் காயைக் குடுப்பனா?" என்றார். "கிணத்தடிதான். புழு இருக்கும், பாத்து நறுக்கச் சொல்லு."